குடத்தில் குனிந்திருந்த முகம்

நகராட்சிக்காரர்கள் பெரியகுளத்தைத் தூர்வாரி, கருவேல மரங்களை வேரோடு பிடுங்கி, கரையெல்லாம் புங்கன் கன்று நட்டு, இனி இந்த ஊரில் ஒருத்தரும் கேன் தண்ணி வாங்கக் கூடாது, நம்ம குளம் நம்ம குழாய் என்று வீட்டுக்கு வீடு கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன அந்த ஆடி மாதத்துக்கு அப்புறம்தான் தேர்ப்பாளையத்தில் தண்ணீர் முகம் காட்ட ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது வாய்க்கால்மேட்டுத் தெரு வசந்தாமணியக்கா. மகளிர் குழுவுக்குத் தலைவி அவள்தான். கேனை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டதும் அவள்தான். தெருக்குழாயில் குடம் நிரம்பியதும் இடுப்பில் தூக்கி வைக்கக் குனிந்தவள், குடத்துக்குள் தன் முகம் இல்லாமல் சாயப்பட்டறை மயில்சாமியின் முகம் வெற்றிலையை மென்றுகொண்டு கிடப்பதைப் பார்த்தாள். அவள் கத்தவுமில்லை, தண்ணீரைக் கொட்டவுமில்லை. எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் குடத்திலும் மயில்சாமி. அதற்கடுத்தவள் குடத்திலும் அதே வெற்றிலை, அதே மயில்சாமி.

தண்ணீரைக் கெடுத்தவன் யாரோ அவன் முகத்தைத் தண்ணீர் காட்டுகிறது என்பதை ஊர் அன்றைக்கே புரிந்துகொண்டது. பலபேர் கெடுத்திருந்தால் அதிகமாகக் கெடுத்தவர் முகம் தெரியும். சுத்தமான தண்ணீராக இருந்தால் எப்போதும்போலப் பார்க்கிறவர் முகமே தெரியும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, இத்தனை நாள் தண்ணி வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் ஆச்சரியம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு மயில்சாமி வாசலுக்குப் போனார்கள். அவர் ஒவ்வொரு குடமாக எட்டிப் பார்த்து, மீசையைத் தடவி, போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு என்றார். ஆனாலும் குளத்து வாய்க்காலுக்குள் களவாகப் போட்டிருந்த சாயக்குழாயை அன்றைக்கே தோண்டி எடுத்துவிட்டார். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மயில்சாமியைக் காணோம். அவர் இடத்தில் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்காரர் தலைசீவிக்கொண்டு இருந்தார். லாட்ஜ்காரர் மறைந்ததும் கக்கூஸ் தொட்டி உறிஞ்சுகிற லாரியின் டிரைவர் வந்தார்.

ஊர் இதற்குப் பழகிப்போனது. தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற குப்பியைக் குழுப்பெண்கள் பரணில் தூக்கிப் போட்டார்கள். ஜில்லாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். பாட்டிலுக்குள் லாரி டிரைவர் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உட்கார்ந்திருந்தார். முகத்துக்கெல்லாம் எங்களிடம் பரிசோதனை இல்லை என்று பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்கள், குடிப்பதற்கு அல்ல. சந்தையில், கோயிலில், பஸ்ஸில் எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் உற்றுப் பார்த்து மனதில் பதியவைத்துக்கொண்டார்கள், நாளைக்குக் குடத்தில் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று. முன்பெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்ட ஊர், இப்போது குடத்துல யாரு என்று கேட்டது.

இதையெல்லாம் சுமித்ரா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுமித்ரா அந்தத் தெருவின் மேட்டு முனை வீட்டுக்கு வாழவந்தவள். இடுப்பில் ஹரிணி என்று ஒரு பெண்குழந்தை, இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. சுமித்ராவுக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் தெருக்குழாய்க்குக் குடம் எடுத்துக்கொண்டு போனாள். புதுப்பொண்ணு பூமியில என்னத்தத் தேடுது, மூக்குத்திய விட்டுட்டியா கண்ணு என்று கேட்டு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் காலிக்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். அவள் புருஷன் குணசேகர் தறி ஓட்டுகிறவன், பொண்டாட்டியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் தாங்காதவன். மறுநாளே ஒரு சின்ன மோட்டார் வாங்கிவந்து, வீட்டுக்குள் வருகிற குழாயில் மாட்டி, அதன்மேல் ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அந்தக் குழாய் வாசலில் சாக்கடைக்குள் இறங்கி ஏறி வரும். சாக்கடைக்குள் இருந்த இணைப்பு லேசாக விட்டிருந்ததை சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டான். இனிமே நீ யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டாம் என்றான். அதைவிடப் பெரிய சீதனத்தை சுமித்ராவுக்கு யாரும் கொடுத்ததில்லை.

மோட்டார் வைத்துக் குழாய்த் தண்ணீரை இழுக்கக் கூடாது, மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று நகராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். அதனால் தண்ணீர் வந்ததும் சுமித்ரா முதலில் மிக்ஸியைப் போடுவாள், ஜாருக்குள் ஒன்றும் இருக்காது, அந்த இரைச்சலுக்குள் மோட்டாரைப் போடுவாள். அந்நேரம் அக்கம்பக்கத்து வீடுகளிலும் மிக்ஸி ஓடுவது கேட்கும். இந்தத் தெருப் பொம்பளைகள்தான் எவ்வளவு சுறுசுறுப்பு, தண்ணீர் வருகிற அவசரத்திலும் சட்னி அரைக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வாள்.

ஊரெல்லாம் குடத்தில் யார் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, சுமித்ரா குனிந்தால் அவள் குடத்தில் அவள் முகமே தெரிந்தது. நடுவகிடு, நெற்றிப்பொட்டு, கீழே தாழ்ந்த இமை. மயில்சாமி தெரிந்த நாளிலும் அவளே, லாட்ஜ்காரர் தெரிந்த நாளிலும் அவளே. குணசேகர் எட்டிப் பார்த்தால்கூட அவளே தெரிந்தாள். அவன் அதைக் குறையாக நினைக்கவில்லை, எனக்கு எங்க பாத்தாலும் நீதாண்டி என்று சிரித்தான். ஊர்த்தண்ணி எப்படியோ போகட்டும், நம்ம தண்ணி சுத்தம் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். சுத்தமான தண்ணீரை எதற்குக் காய்ச்சுவது என்று சுமித்ரா அடுப்பில் தண்ணீர் வைப்பதை நிறுத்தினாள். குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதும் அதே தண்ணீர், பால்பவுடர் கலக்குவதும் அதே தண்ணீர்.

ஹரிணிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நின்றது, மறுபடி போனது. பெரியாஸ்பத்திரியில் நர்சம்மா குடத்துல யாரு தெரியறாங்க என்றுதான் முதலில் கேட்டாள். நாந்தானுங்க என்றாள் சுமித்ரா, தரையைப் பார்த்துக்கொண்டு. அப்படியானால் தண்ணீரில் ஒன்றுமில்லை, வேறு என்ன கொடுத்தாய் யோசி என்று மருந்து எழுதி அனுப்பினாள். சுமித்ரா யோசித்தாள். பால்பவுடர் விற்ற கடைக்காரன்மேல் சந்தேகம் வந்தது, டப்பாவை மாற்றினாள். மாடி வீட்டுக்காரி குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போன அன்றைக்குத்தான் அதிகமாகப் போனது என்று தோன்றி, அவள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மிளகாய் சுற்றிப் போட்டாள். சொந்தத் தங்கச்சி வாங்கிவந்த பொம்மையைக்கூட வெளியே வீசினாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாதது அந்தக் குடம் ஒன்றுதான்.

இதற்கிடையில் லாரி டிரைவரும் மறைந்துவிட்டார். இனிமேல் எல்லோர் குடத்திலும் அவரவர் முகம்தான் என்று ஊர் காத்திருந்தது. மற்ற தெருக்களில் அப்படித்தான் ஆனது. வாய்க்கால்மேட்டுத் தெருவில் மட்டும், எல்லாக் குடத்திலும் யாரென்று தெரியாத ஒரு பெண் இருந்தாள்.

அவள் நிமிரவே மாட்டாள். வகிடு தெரியும், நெற்றி தெரியும், இமை தெரியும், அவ்வளவுதான். வசந்தாமணியக்கா குடத்தைத் தட்டிப் பார்த்தாள், விரலை விட்டுக் கலக்கிப் பார்த்தாள், ஏய் மேல பாரு என்று அதட்டியும் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். மயில்சாமியாவது நம்மைப் பார்த்தான், இவள் திருடி, அதுதான் மூஞ்சியைக் காட்ட மாட்டேன் என்கிறாள் என்று தெரு முடிவு செய்தது.

யார் இவள் என்பதே அப்புறம் தெருவின் சோறும் தூக்கமும் ஆனது. நூல்மில் குடியிருப்பில் இருக்கிற வடக்கத்திப் பெண்கள்தான் என்று குடங்களோடு அங்கே போனார்கள். அந்தப் பெண்கள் எட்டிப் பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசி, பாவம் யாரோ திட்டியிருக்கிறார்கள் என்பதுபோல உச்சுக்கொட்டினார்கள். அவர்களில் ஒருத்தி சாயலும் ஒத்துவரவில்லை. பிறகு தண்ணீர் திறந்துவிடுகிற ரங்கனுக்கு ஊருக்குத் தெரியாமல் இன்னொரு குடும்பம் இருக்கிறது, அவள்தான் இவள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரங்கனின் சம்சாரம் குடத்தைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ரங்கன் டீயும் பன்னுமாகவே கொஞ்சகாலம் வேலை செய்தான், தண்ணீர் திறக்கும்போது அவனும் குனிந்து குனிந்து பார்த்தான், அப்படி ஒருத்தி இருந்தால் தனக்குத் தெரியாமல் போயிருக்குமா என்று. கடைசியில் போர்டு எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து, குடத்தைப் பார்த்து அந்த முகத்தை அப்படியே வரையச் சொல்லி, ரேசன் கடைச் சுவரில் ஒட்டினார்கள்.

சுமித்ரா அரிசி வாங்கப் போனபோது அந்தப் படத்தைப் பார்த்தாள். யாரோ நம்மைப் போல ஒருத்தி, இவளைப் போய் எல்லோருமாக இப்படித் தேடுகிறார்களே என்று ஒரு நிமிஷம் மனசு இளகியது. அடுத்த நிமிஷமே, என் பிள்ளை வயிற்றுக்கும் இவள்தான் காரணமோ, எங்கேயாவது டீக்கடையில் வாங்கிக் கொடுத்த தண்ணீரில் இவள் இருந்தாளோ என்று கோபம் வந்தது. அதற்கப்புறம் அவளும் தேடினாள். தலை குனிந்து நடக்கிறவளாதலால் யார் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை. எதிரில் வருகிறவர்கள் நிழலில் வகிடு தெரிகிறதா என்று பார்த்தாள்.

புரட்டாசியில் ஹரிணி துவண்டுபோனாள். கண் குழிவிழுந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இந்த முறை வேறொரு நர்சம்மா இருந்தாள். குடத்துல நான்தானுங்க தெரியறேன் என்று சுமித்ரா தானாகவே சொன்னபோது அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பாக்கெட்டைக் கையில் திணித்து, "யாரு மூஞ்சி தெரிஞ்சாலும் சரி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவெச்சுத்தான் இதக் கலக்கணும். தாமசம் பண்ணாதே, புள்ளை ஒடம்புல தண்ணியே இல்லை" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் சிலிண்டர் தீர்ந்திருந்தது. குணசேகர் தறியில் இருந்தான், மாடி வீடு பூட்டிக்கிடந்தது. பிள்ளையின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சுமித்ரா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டுப் படியையும் அவள் அதுவரை மிதித்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டை முந்தியில் முடிந்துகொண்டு, வசந்தாமணியக்கா வீட்டுக்குப் போனாள்.

அங்கே குழுப்பெண்கள் எல்லோரும் நடையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் அண்டா நிறையக் குழாய்த் தண்ணீர். அந்தப் பெண்ணை எப்படி நிமிரவைப்பது என்பதுதான் அன்றைய கூட்டத்தின் பேச்சு. சுமித்ரா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, சுடுதண்ணி என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. புள்ளைக்கு என்றாள். பிள்ளை என்றதும் எல்லோரும் திரும்பினார்கள். வசந்தாமணியக்கா எழுந்து வந்து, குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்து, அது சட்டென்று படியாததைக் கண்டு, அய்யோ சாமி என்று பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி, அண்டாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்து, ஒருத்தி மடியில் சாய்த்துவிட்டு, தண்ணீர் காய்ச்ச உள்ளே போனாள். தண்ணி வந்தா மட்டும் சட்னி அரைக்கிற பொண்ணுதானே இது என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் சொன்னது சுமித்ராவுக்குக் கேட்டது.

தண்ணீர் காய்ந்து, ஆறி, பொடி கலந்து, சங்கு சங்காக உள்ளே போனது. குழந்தை கொஞ்சம் கண் திறந்தது. தலையைத் திருப்பி அண்டாவின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தது. பார்த்ததும் அத்தனை நாள் சிரிக்காத பிள்ளை சிரித்தது.

"ம்மா" என்றது. கையால் தண்ணீரைத் தட்டியது. முகம் சிதறி, மறுபடி கூடியது. "ம்மா, ம்மா."

சுமித்ரா அண்டாவிலிருந்து எட்ட, நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் நிழல்கூட அந்தத் தண்ணீரில் விழ வழியில்லை. பெண்கள் அண்டாவைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் மேலே விழுந்ததும், சுமித்ரா வாழ்நாளெல்லாம் செய்ததைத்தான் செய்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். வகிடு தெரிந்தது, நெற்றி தெரிந்தது, தாழ்ந்த இமை தெரிந்தது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை.

"நிமுந்து பாரு, கண்ணு" என்றாள் வசந்தாமணியக்கா.

சுமித்ரா நிமிர்ந்தாள். தண்ணீருக்குள் இருந்தவள் நிமிரவில்லை. அப்போதுதான் சுமித்ராவுக்கு, தன் வீட்டுக் குடத்தில் இத்தனை காலம் தெரிந்தது கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்த முகம் இல்லை என்பது உறைத்தது. அன்னக்கூடை, சாக்கடை, சைக்கிள் டியூப், மிக்ஸிச் சத்தத்துக்குள் மோட்டார் தம் பிடித்து இழுக்கிற இழுப்பு, அந்த இழுப்பில் நைந்த டியூபின் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே ஏறி, நிறுத்தியதும் மிச்சமெல்லாம் தெருக்குழாய்க்குள் இறங்கிப் போவது என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன்னே ஓடியது.

"மோட்டாருங்க்கா" என்றாள். அந்தத் தெருவில் அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்ன முதல் சொல் அது.

"அடிப்பாவி, சட்னி சட்னின்னு தெருவுக்கே சாக்கடைய அரைச்சு ஊத்திப்போட்டயே" என்றாள் காதில் சொன்னவள். ரங்கன் சம்சாரத்துக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நிம்மதி. இன்னொருத்தி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிப்போட வேண்டும் என்றாள். வசந்தாமணியக்கா மட்டும் கையிலிருந்த சங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ற புள்ளைக்கும் அதைத்தானுங்க்கா குடுத்தேன்" என்றாள் சுமித்ரா. "என்ற மூஞ்சி தெரியுதேன்னு நம்பிக் குடுத்தேன்."

எழுதிப்போட வேண்டும் என்றவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அண்டாவுக்குள் கைவிட்டு, குனிந்திருக்கிற அம்மாவின் கன்னத்தைப் பிடிக்கப் பார்த்தது. பிடிக்கப் பிடிக்க அது கலைந்தது.

அன்றைக்கு சாயங்காலம் சுமித்ரா அன்னக்கூடையைத் தூக்கி எறிந்து, மோட்டாரைக் கழற்றி வாசற்படியில் எல்லோரும் பார்க்க வைத்தாள். தறியிலிருந்து வந்த குணசேகர் மோட்டாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் நிமிர்ந்தே நின்றதால் ஒன்றும் கேட்காமல் சாக்கடைக்குள் இறங்கி, டியூபை அறுத்துப் போட்டுவிட்டுக் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கட்டினான். அவன் தட்டுகிற சத்தம் நின்ற பிறகும் தெருவில் எங்கெங்கோ தட்டுகிற சத்தமும் ஸ்பேனர் விழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. யாரும் யாரையும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது வாய்க்கால்மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில்கூட மிக்ஸி ஓடவில்லை. வசந்தாமணியக்கா வீட்டிலும் ஓடவில்லை.

சுமித்ரா ஹரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வேறு எங்கோ பார்த்தார்கள். குழாய்க்கடியில் தங்கள் குடத்தை வைத்தவர்கள் நிரம்பியதும் உள்ளே பார்க்காமலே மூடி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள், அடுத்து யார் முகமோ என்ற பயம் அவரவருக்கு இருந்தது. மூக்குத்தி கிடைச்சுதா கண்ணு என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். தேடவே இல்லீங்க்கா என்றாள் சுமித்ரா.

அவள் குடம் நிரம்பியது. குனிந்து பார்த்தாள். நடுவகிடு, நெற்றிப்பொட்டு, அவள் முகம். இது எந்த முகம் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓர் அடி தள்ளி நின்று பார்த்தாள், முகமும் தள்ளிப்போனது. தலையைச் சாய்த்தாள், அதுவும் சாய்த்தது. அப்படியும் மனசு ஒப்பாமல், பிள்ளையைக் குடத்துக்கு மேலே பிடித்து, "அம்மா எங்க சாமி? அம்மாவக் காட்டு" என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளையையே பார்த்தார்கள். ஹரிணி தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, ஈரமில்லாத கையால் சுமித்ராவின் கன்னத்தைத் தொட்டாள்.

சுமித்ரா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்து, அந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள்.